நம்பியாரின் கை, வீரப்பாவின் சிரிப்பு, கொஞ்சம் கிளே

எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஆண்டுவிழா எப்போதும் ஓணத்தை ஒட்டித்தான். குமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். காலையில் உறியடி, மதியம் வடம் இழுப்பு, இருட்டியதும் மேடையில் பிள்ளைகளின் நிகழ்ச்சி. பல வருடமாக இதே வரிசை. இந்த வருடம் மேடைக்கு ஒன்றரை நிமிடக் கிளே பொம்மைப் படம் ஒன்று செய்து கொடுத்தேன். ஸ்டாப் மோஷன் என்பார்கள்: பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டுவது. மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை இழுத்தது. யாராவது இதே கிறுக்குத்தனத்தில் இறங்கினால் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நான் டிவி மெக்கானிக். பொம்மை செய்ய யாரும் சொல்லித் தந்ததில்லை. அக்கா மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கடையில் வந்து உட்கார்ந்தான். அவன்தான் போனில் ஒரு பழைய அமெரிக்க நிகழ்ச்சியைக் காட்டினான். செலிபிரிட்டி டெத்மேட்ச் என்று பெயர். எம்டிவியில் 1998இல் ஆரம்பித்து 2002 வரை ஓடியது. 2006இல் மறுபடி கொஞ்ச காலம். எரிக் ஃபோகல் என்பவர் உருவாக்கியது. பாடகர், நடிகர், அரசியல்வாதி என்று பிரபலங்களைக் கிளே பொம்மையாகப் பிடித்து, தலையைப் பெரிதாக்கி, குத்துச்சண்டை மேடையில் ஏற்றி அடித்துக்கொள்ள விடுவார்கள். கையைப் பிடுங்குவது, தலையைத் திருகி எறிவது எல்லாம் உண்டு. பக்கத்தில் மைக் பிடித்து வர்ணனை செய்ய இரண்டு பேர்.

எனக்குப் பிடித்தது நடுவர்தான். மில்ஸ் லேன் என்று நிஜமான குத்துச்சண்டை நடுவர், நீதிபதியாகவும் இருந்தவர். 1997இல் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த சண்டையில் மேடையில் நின்றவர் அவர்தான். அடுத்த வருடமே தன் பொம்மைக்குத் தானே குரல் கொடுத்தார். நிஜத்தில் காதைக் கடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு, பொம்மை தலையைப் பிய்த்தால் பெரிதாக என்ன இருந்திருக்கும்!

பார்த்து முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வேறு. சின்ன வயதில் கோயில் திடலில் பார்த்த தோல்பாவைக்கூத்து. ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உள்ளே புகுந்து, ஒருவனை ஒருவன் மண்டையில் அடித்துக்கொள்வார்கள். ராமருக்காக உட்கார்ந்திருந்த பெரியவர்களை விட, அந்த அடிக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் அதிகம். ஆட்டுத்தோலில் வெட்டிய பாவை, பின்னால் விளக்கு, எல்லாக் குரலும் ஒரே ஆள். அமெரிக்காக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்று மருமகனிடம் சொன்னேன். "சரி மாமா, அப்போ நாம செய்வோம்" என்றான். பேசி மாட்டிக்கொண்டேன்.

யாரை மோத விடுவது என்பதில் இரண்டு வாரம் போனது. பையன்கள் இன்றைய இரண்டு நடிகர்கள் பெயரைச் சொன்னார்கள். வாசகசாலையில் இரண்டு பேருக்கும் ரசிகர்கள் உண்டு. படம் முடிவதற்குள் திடலில் நிஜச் சண்டை தொடங்கிவிடும். செயலாளர் சரித்திரத்துக்குப் போனார். 1741 குளச்சல் போர், மார்த்தாண்ட வர்மாவும் டச்சுத் தளபதி டிலனாயும். எனக்கும் ஆசைதான், டிலனாயின் கல்லறை இருக்கும் உதயகிரிக் கோட்டை எங்களுக்குப் பக்கம். ஆனால் பிடிபட்ட டிலனாய் அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாகவே ஆகிவிட்டார். இரண்டாவது ரவுண்டில் இரண்டு பேரும் ஒரே கட்சி என்றால் யாரை யார் அடிப்பது?

எம்.ஜி.ஆரும் நம்பியாரும் என்று ஒரு பாட்டா, ஊர்த் தாத்தா, சொன்னார். எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் அதே பாட்டா அடுத்த நிமிடமே, "எம்ஜிஆருக்கு ஒரு அடியாவது விழுந்தா நான் எந்திச்சு போயிருவேன்" என்றார். ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கினால் அது சண்டை இல்லை. அப்போதுதான் தோன்றியது: கதாநாயகனே வேண்டாம். வில்லனும் வில்லனும் மோதட்டும். எம்.என்.நம்பியாரும் பி.எஸ்.வீரப்பாவும். யாருக்கு அடி விழுந்தாலும் கூட்டம் கைதட்டும். நம்பியார் நிஜ வாழ்க்கையில் வருடாவருடம் சபரிமலைக்கு மாலை போட்ட குருசாமி என்பதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதனால் அவர்மேல் யாருக்கும் நிஜக் கோபம் கிடையாது.

பொருள்

முதலில் குளத்துக் களிமண்ணில் முயன்றேன். காசு இல்லாமல் கிடைக்கிறதே என்ற ஆசை. மறுநாள் காலையில் வீரப்பாவின் கன்னத்தில் வெடிப்பு. தண்ணீர் தெளித்தால் கரைகிறது, விட்டால் காய்கிறது. இதற்குத் தேவை காயாத கிளே. தண்ணீருக்குப் பதில் எண்ணெய், மெழுகு, சுண்ணாம்புக்கல் தூள் மாதிரிப் பொருள்கள் சேர்த்துப் பிசைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கும் கலர் கிளேயே போதும். பாக்கெட்டை வாங்கும்போது அழுத்திப் பாருங்கள். காற்றில் இறுகும் கிளே, அதாவது விரல் பட்டால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் வகை, இந்த வேலைக்கு ஆகாது. இரண்டாம் நாள் ரப்பர் ஆகிவிடும். ஒரு பாக்கெட் அப்படி வீணானது.

உள்ளே கம்பி வேண்டும். கட்டட வேலைக்குக் கம்பி முடையும் கட்டுக்கம்பி கையில் இருந்தது, அதைப் போட்டேன். வளைகிறது, ஆனால் ஒரே இடத்தில் இருபது முப்பது தடவை வளைத்தால் பட்டென்று போகிறது. துரு வேறு வெள்ளைக் கிளேயில் ஏறுகிறது. பிறகு மோட்டார் வைண்டிங் செய்யும் நண்பரிடம் அலுமினிய வைண்டிங் கம்பி வாங்கினேன். இரண்டு இழையைச் சேர்த்து ஒரு முனையை வைஸில் கடிக்க வைத்து, மறுமுனையை டிரில்லில் மாட்டி மெதுவாக முறுக்கினால் நல்ல கயிறு மாதிரி வரும். ரொம்ப முறுக்கக் கூடாது; முறுக்கும்போதே உலோகம் இறுகிவிடும், பிறகு சீக்கிரம் ஒடியும்.

பொம்மை நிற்க வேண்டுமே. ஒரு காலைத் தூக்கினால் கவிழ்கிறது. கடையில் பழைய டிவிடி பிளேயர்கள் மூட்டையாகக் கிடந்தன. அதில் தட்டை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் வட்ட மூடிக்குள் ஒரு வளையக் காந்தம் இருக்கும். நடுவில் ஓட்டை. கால் கம்பியை அந்த ஓட்டையில் விட்டு அடியில் சுருட்டி, பிசின் வைத்துவிட்டேன். மேடைத் தரைக்கு 15 கிலோ எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்திய தகரம். காலை வைத்ததும் டக்கென்று பிடித்துக்கொள்கிறது. காந்தம் அகலமாக இருப்பதால் இரண்டு வில்லன்களுக்கும் பாதம் வாத்துக்கால் மாதிரி ஆகிவிட்டது. அழகாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

மேடைக் கம்பத்துக்குப் பழைய குடைக்கம்பி. கயிற்றுக்குக் குளச்சல் பக்கம் வலை முடையும் நைலான் நூல். இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வெளிச்சம்

என் தொழிலே இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். முதல் நாள் கல்யாண வீடியோக்காரர் ஒருவரிடம் 500 வாட் ஹாலஜன் விளக்கு வாங்கி வந்தேன். மே மாதம், ஓட்டு வீடு, மத்தியானம். இருபது படம் எடுப்பதற்குள் நம்பியாரின் மூக்கு மேல் உதட்டைத் தொட்டது. வீரப்பா உட்கார்ந்தே விட்டார். விளக்கை அணைத்து, தலைகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அம்மா மீன்குழம்பு எடுக்கப் போய், மூடியைத் தவறாகத் திறந்து, உள்ளிருந்து இரண்டு தலை அவளைப் பார்க்க, அன்றைக்கு எனக்குக் குழம்பு கிடைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் யோசனையும் முழுக்க நல்லதில்லை. வெளியே எடுத்ததும் நம்மூர்க் காற்றின் ஈரம் தலைமேல் முத்து முத்தாகப் படிகிறது. துணியில் சுற்றி வைத்து, எடுத்த பிறகு பத்து நிமிடம் டப்பாவைத் திறக்காமல் இருந்தால் தேவலை.

அடுத்து 9 வாட் எல்இடி பல்புகள் நான்கு. சூடு இல்லை. ஆனால் எடுத்ததை ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. மலிவு பல்பில் கரண்டின் துடிப்பு அப்படியே வெளிச்சத்தில் வரும். நம் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் அது விநாடிக்கு 100 தடவை. போன் கேமராவின் ஷட்டரை 1/50இல் பூட்டினால் ஒவ்வொரு படத்திலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், எல்லாம் ஒரே அளவாகிவிடும். அதைச் செய்தேன், பாதி சரியானது. மீதிப் பாதி பக்கத்து வீட்டு மோட்டார். அவர்கள் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தால் வோல்ட்டேஜ் இறங்கி, மேடையில் சாயங்காலம் ஆகிவிடுகிறது.

தீர்வு கடையிலேயே சுவரில் சாய்ந்து நின்றது. பேனல் உடைந்த 32 இஞ்ச் எல்இடி டிவி. முன்னால் உள்ள உடைந்த கண்ணாடிப் பேனலைக் கழற்றி எறிந்துவிட்டால் பின்னால் மிஞ்சுவது பேக்லைட் பட்டிகளும், அவற்றின் மேல் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளை ஷீட்டுகளும். சினிமாக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட் லைட் அதுதான். பவர் போர்டில் பேக்லைட் ஆன் ஆகும் காலுக்கு வோல்ட்டேஜ் காட்டினால், மெயின் போர்டு இல்லாமலே எரியும். டிவியின் பவர் சப்ளை, பக்கத்து வீட்டில் எத்தனை மோட்டார் ஓடினாலும் உள்ளே ஒரே அளவில்தான் கொடுக்கும். பிரைட்னஸைக் குறைக்காமல் முழுசாக வைக்க வேண்டும். குறைத்தால் அது வேகமாக அணைந்து எரிந்துதான் குறைக்கும், துடிப்பு திரும்ப வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த போர்டில் இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். டிவி திறந்து பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்து வாங்குங்கள்.

போனில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். என் சட்டை நிறம் மாறினாலே வீரப்பாவின் முகம் மாறியது. அன்றிலிருந்து ஒரே பழைய கறுப்பு பனியன்.

முகம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பத்து நாள் முகத்தில் வீணாக்கினேன். பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு நம்பியாரின் புருவம், தாடை, நெற்றி எல்லாம் செதுக்கினேன். முடித்ததும் மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம தபால்காரருக்க மூஞ்சி மாதிரில்லா இருக்கு" என்றான். மீசையைக் கூட்டினேன். தபால்காரர் மீசை வைத்த மாதிரி ஆனது. வீரப்பாவைப் பார்த்துவிட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

வெறுத்துப்போய், முகத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு சோதனை எடுத்தேன். நம்பியார் சினிமாவில் செய்கிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் விநாடிக்கு 12 படம் வைத்தோம். கை முன்னே பின்னே போக நான்கு நிலை. நிலைக்கு ஒரு படம் வைத்து ஓட்டினால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற மாதிரி இருந்தது. நிலைக்கு இரண்டு படம் என்று மெதுவாக்கினேன். பரவாயில்லை, ஆனால் இன்னும் குளிர் காய்கிற ஆள்தான். அப்புறம் ஒன்று செய்தேன். இரண்டு தேய்ப்பு முடிந்ததும் கை அப்படியே நிற்க, ஆறு படம், அதாவது அரை விநாடி, எதுவும் அசையாமல் கண் மட்டும் ஓரத்துக்குப் போகிறது. மறுபடி தேய்ப்பு.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. அந்தப் பக்கமாக வெற்றிலைப் பெட்டியை எடுக்க வந்தவள் திரையைப் பார்த்து, "நம்பியாரு என்னலே செய்யான் இங்க?" என்றாள்.

அதே முகம். தபால்காரர் முகம். ஒரு மில்லிமீட்டர்கூட நான் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு செதுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். வீரப்பாவுக்கும் முகத்தை விட்டுவிட்டுச் சிரிப்பைப் பிடித்தோம். அவர் சிரிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வாயில் தொடங்குவதில்லை, தோளில் தொடங்குகிறது. முதலில் தலை கொஞ்சம் இறங்கி எட்டுப் படம் சும்மா இருக்க வேண்டும். சத்தமே கிடையாது. பிறகு தலை பின்னால் போகிறது, வாய் திறக்கிறது, தோள் மூன்று படம் மேலே, மூன்று படம் கீழே. சிரிப்பை வேகமாக வைத்தால் கோழி கொக்கரிப்பது மாதிரி ஆகிறது. மருமகன் ஒரு நாள் முழுக்க வீரப்பா மாதிரிச் சிரித்துச் சிரித்து, அதை போனில் எடுத்து, நிறுத்தி நிறுத்தி எண்ணினான். அக்கா போன் செய்து, பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

சிரிப்புக்கு வாய் மூடியது, பாதி, முழுசு என்று மூன்று தலை வேண்டும். மூன்றையும் கையால் பிடித்தால் மூன்று பேர் மாதிரி இருக்கும். அச்சு எடுத்தாக வேண்டும். இங்கேதான் நம் மாவட்டம் கைகொடுத்தது. ஒரு தெருத் தள்ளி ரப்பர் தோட்டம். வெட்டுக்காரரிடம் அரை லிட்டர் பால் கேட்டேன். காலையில் வாங்கி வைத்து, கடையைப் பூட்டிவிட்டு மாலையில் வந்து பார்த்தால் மொத்தமும் உறைந்து ஒட்டுப்பாலாகக் கிடக்கிறது. அவரிடம் சொன்னபோது அப்படிச் சிரித்தார்: "அமோனியா விடாம வச்சா பின்ன என்னவாம்?" இரண்டாவது தடவை வெட்டிய கையோடு கொஞ்சம் அமோனியா விட்டுக் கொடுத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு திண்ணையில் வைத்துத்தான் வேலை.

மாதிரித் தலைமேல் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சு. பால் வெள்ளையாக இருக்கும், காயக் காயத் தேன் நிறத்துக்கு வந்து கண்ணாடி மாதிரி ஆகும். முழுக்க நிறம் மாறிய பிறகே அடுத்த பூச்சு. அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே வெள்ளையாகவே நிற்கும். பத்துப் பூச்சு. அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு ஓடு. இறுகியதும் ஓட்டை எடுத்து, ரப்பர் தோலில் முகப்பவுடர் தூவி, சாக்ஸ் கழற்றுவது போல உரித்தால் தலை உள்ளே அச்சாக இருக்கிறது. பவுடர் மறந்தால் ரப்பர் ரப்பரோடே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. ஒன்று அப்படிப் போனது. கிளேயில் இருக்கும் எண்ணெய் ரப்பருக்கு ஆகாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஏழு தலை எடுத்ததும் அச்சு பிசுபிசுத்து ஊத ஆரம்பித்தது. எங்களுக்கு ஏழு போதுமாக இருந்தது.

சண்டை

ஜூனில் மழை பிடித்ததும் வெப்பப் பிரச்சினை தீர்ந்து, கரண்ட் பிரச்சினை வந்தது. ராத்திரி ஒன்பதுக்குக் கடையைப் பூட்டி, பதினொன்றரை வரை எடுப்போம். நல்ல நாளில் 70 படம், அதாவது ஆறு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்டாப் மோஷன் செயலியில் முந்தைய படம் மங்கலாகத் தெரிவதால், எங்கே கையை விட்டோம் என்று பார்த்து நகர்த்தலாம். நடுவில் கரண்ட் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் பொம்மை ஒரு நூல் சரிந்திருக்கும், சண்டையில் ஒரு குதி தெரியும். அதைச் சமாளிக்க ஒரு வழி: நிறுத்தும் இடத்தை எப்போதும் ஓர் அடியில் முடித்துக்கொள்வது. அடி விழும்போது பொம்மை குதித்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ரத்தம் வேண்டும் என்று பையன்கள் கேட்டார்கள். அந்த அமெரிக்க நிகழ்ச்சியில் ரத்தம் ஆறாக ஓடும். நானும் சிவப்புக் கிளேயை எடுத்தேன். சிவப்பு தொட்ட விரல் வெள்ளையைத் தொட்டால் முடிந்தது, துடைத்தாலும் ரோஸ் நிறமாகவே நிற்கும். இரண்டு பேரும் பவுடர் பூசிய மாதிரி ஆகிவிட்டார்கள். ரத்தம் ரத்து. பதிலாக மீசை பறக்கட்டும் என்று முடிவு செய்தோம். நம்பியார் குத்த, வீரப்பாவின் மீசை கழன்று கயிற்றில் போய் ஒட்டுகிறது. வீரப்பா சிரிக்க, அந்தக் காற்றில் நம்பியாரின் விக் பின்னால் நகர்கிறது. திடலில் ரத்தத்துக்கு இந்த அளவு சிரிப்பு வந்திருக்காது.

412ஆவது படத்தில் நம்பியாரின் வலது மணிக்கட்டு ஒடிந்தது. ஒடியத்தான் செய்யும், படம் முழுக்க அந்த ஆள் கையைத்தானே தேய்க்கிறார். கிளேயைப் பிளந்து புதுக் கம்பி வைத்தால் முழங்கை வரைக்கும் திரும்பச் செய்ய வேண்டும், நிறமும் சேராது. பழைய ரேடியோ ஏரியல் ஒன்றை எடுத்தேன். இழுத்தால் நீளுமே, ஒன்றுக்குள் ஒன்று சரியாக நுழையும் குழாய்கள். அதில் அடுத்தடுத்த இரண்டு அளவில் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளை அறுத்து, பெரியதைக் கைக்குள்ளும் சிறியதை உள்ளங்கைக் கம்பியிலும் ஒட்டினேன். வட்டக் குழாய் சுழலும்; ஒன்றை இன்னொன்றுக்குள் செருகி, இரண்டையும் சேர்த்தே குறடால் லேசாக அமுக்கினால் சுழலாது, ஆனால் கழற்றி மாட்ட வரும். அதன் பிறகு நம்பியாருக்கு உதிரிக் கைகள் மூன்று ஜோடி. ஒடிந்தால் ஒரு நிமிடத்தில் அடுத்த கை. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

நடுவராக யாரைப் போடுவது என்று யோசித்தபோது மருமகன் வாசகசாலைச் செயலாளரைச் சொன்னான். அவரிடம் சொல்லவில்லை. முகத்துக்கு நாங்கள் ஐந்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை: ஒரு உருண்டை, ஒரு கண்ணாடி. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் பேசுவதற்கு முன் குனியாமலே முண்டின், அதாவது வேட்டியின், நுனியைக் காலால் ஒரு தட்டுத் தட்டி மேலே எழுப்பி, கையில் பிடித்து, மடித்துக் கட்டுவார். பிறகுதான் வாய் திறக்கும். எங்கள் படத்திலும் சண்டை முற்றும்போது நடுவர் வந்து, முண்டை மடித்துக் கட்டி, "எடுத்த புத்தகத்தை ரெண்டு பேரும் திருப்பித் தந்தாச்சா?" என்று கேட்பார்.

அந்த முண்டு என் உயிரை வாங்கியது. நிஜத் துணி வைத்தால் விரல் பட்ட இடமெல்லாம் படத்துக்குப் படம் நெளிகிறது. காற்றில் நிற்கிற மாதிரித் தெரியும். கடைசியில் பழைய வேட்டித் துணியை ஃபெவிகால் கரைத்த தண்ணீரில் நனைத்து, ஓரத்தில் மெல்லிய செப்புக் கம்பியைத் தைத்து, தொங்குவது, பாதி எழும்பியது, மடித்துக் கட்டியது என்று மூன்று முண்டு செய்தோம். தட்டும் கால் ஒரு படம், நுனி பறப்பது இரண்டு படம், கை பிடிப்பது இரண்டு, மடிப்பு நான்கு. ஒன்பது படத்துக்கு மூன்று ராத்திரி.

வர்ணனைக்கு உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தார்கள். கறுப்பு அட்டையில் வெட்டி, அதே டிவி பேக்லைட்டின் முன்னால் ஆட்டினோம். இரண்டு குரலும் நான்தான், கூத்து முறைப்படி.

அடி சத்தம்: பழுக்காத சக்கையை, அதாவது பலாக்காயை, மடியில் வைத்து உள்ளங்கையால் அறைந்தது. வயிற்றில் குத்து விழும் சத்தம் அப்படியே வரும். எலும்பு நொறுங்குவதற்குக் காய்ந்த பனை ஓலை. கன்னத்தில் அறைவதற்கு ஈர ரப்பர் ஷீட்டைத் துவைகல்லில் அடித்தோம். மீசை பறக்கும் சத்தத்துக்கு என்ன செய்தும் சரிவரவில்லை, மருமகன் வாயாலேயே போட்டுவிட்டான்.

மொத்தம் 1128 படம், 94 விநாடி. அடித்து அடித்துக் கடைசியில் இரண்டு வில்லன்களும் ஒரே உருண்டையாகிவிடுகிறார்கள். அந்த உருண்டையிலிருந்து ஒரு ஜோடிக் கை மட்டும் வெளியே வந்து மெதுவாகத் தேய்க்கிறது, உள்ளேயிருந்து சிரிப்பு கேட்கிறது. அந்த உருண்டையைப் பிரிக்க முடியாது. எல்லா நிறமும் கலந்து இப்போது கடையில் தவிட்டு நிறத்தில் இருக்கிறது.

ஓணத்தன்று ராத்திரி மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் முதல் பத்து விநாடி வர்ணனை யாருக்கும் கேட்கவில்லை. கை தேய்ந்ததும் பின்வரிசையில் யாரோ "நம்பியாரே!" என்று கத்தினார்கள், அதன் பிறகு வர்ணனை தேவைப்படவில்லை. எம்ஜிஆருக்காக எழுந்து போவேன் என்ற பாட்டா வீரப்பாவோடு சேர்ந்து சிரித்து, இருமி, தண்ணீர் கேட்டார். நடுவர் வந்து முண்டைத் தட்டியபோது திடலில் ஒரு நொடி அமைதி, அப்புறம் கூரை பறந்தது. முன்வரிசையில் இருந்த செயலாளரும் நன்றாகச் சிரித்தார். யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

படம் முடிந்ததும் நன்றியுரைக்கு அவரை அழைத்தார்கள். மேடை ஏறினார். மைக்கை ஒருமுறை தட்டினார். காலால் முண்டின் நுனியைத் தட்டி எழுப்பி, பிடித்து, மடித்துக் கட்டினார். திடல் மொத்தமும் சத்தம் போட, அவர் பதறிப்போய் முண்டு அவிழ்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார்.